கும்புடுவின் கண்ணைத் திறந்த பேஜாரு

கும்மிடிப்பூண்டிப் பக்கம் இருக்கிற அத்தனை கம்பெனிச் சங்கையும் ஒரே நேரத்தில் ஊதவிட்டாலும், பேஜாரு என்கிற ஒற்றை மனிதனின் வாய்க்கு ஈடாகாது. சங்காவது ஷிஃப்டுக்கு ஒரு முறை ஊதிவிட்டு ஓய்ந்துவிடும். பேஜாருவின் வாய்க்கு ஷிஃப்டும் கிடையாது, வார லீவும் கிடையாது.

பெற்றவர்கள் அவனுக்கு ஒரு பேர் வைத்திருப்பார்கள். நான் கேட்டதில்லை. மழை பெய்தால் "பேஜாரு பெரிம்மா" என்பான். மழை நின்றால் வெயில் பேஜாரு. கம்பெனியில் போனஸ் போட்ட அன்றைக்குக்கூட என் கடை பெஞ்சில் வந்து உட்கார்ந்து, "டப்பு வந்துட்ச்சி பெரிம்மா, இத்த இன்னா பண்றதுன்னு ஒரே பேஜாரு" என்றவன். பேர் தானாக வந்து ஒட்டிக்கொண்டது.

புதுவாயல் கூட்டு ரோட்டில் என் நாஷ்டா கடை. நான் வைத்த கடை, என் வீட்டுக்காரர் வைத்தது அல்ல. அவர் உட்கார்ந்து சாப்பிட்டார், அவ்வளவுதான். என் கடை இட்லியைப் பற்றி நானே சொல்லக்கூடாது. ஆனாலும் சொல்லித்தான் ஆகவேண்டும்: எங்கிருந்தோ லாரி ஓட்டிக்கொண்டு கொல்கத்தா போகிறவர்கள்கூட இங்கே வண்டியை ஓரம் கட்டாமல் போகமாட்டார்கள்.

பேஜாருவுக்குக் கம்பிக் கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற வேலை. இரும்புக் கட்டுகளை இரண்டு கொம்பில் தூக்கிக்கொண்டு முன்னாலும் பின்னாலும் போகுமே, அந்த வண்டி. பின்னால் போகும்போது "பீப் பீப்" என்று கத்தும். வருஷக்கணக்கில் அதன் மேலேயே உட்கார்ந்திருந்ததில் அந்தச் சத்தம் இவன் உடம்பில் ஏறிவிட்டது. கடையில் கூட்டமாக இருந்து ஓர் அடி பின்னால் வைத்தால்கூட, இவன் வாயிலிருந்து "பீப் பீப்" என்று வரும். புதிதாக வந்தவர்கள் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்ப்பார்கள். தான் கத்தினது அவனுக்குத் தெரியவே தெரியாது.

என் கடைக்குப் பின்னால் ஒரு பழைய ஷெட். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் அதில் கயிறு கட்டி பாக்ஸிங் சொல்லிக்கொடுத்தார். எல்லோருக்கும் அவர் மாஸ்டர். ஆளும் குள்ளம், பேச்சும் குள்ளம். பகல் ஷிஃப்டு விட்டதும் கம்பெனி ஆட்கள் பத்துப் பதினைந்து பேர் வந்து கிளவுஸ் மாட்டுவார்கள். பேஜாருவும் வருவான். ஆனால் அவனோடு ஜோடி சேர ஒருத்தனும் முன்வரமாட்டான்.

"அடி வாங்கலாம் பெரிம்மா, இவன் பேச்ச வாங்க முடியாது" என்று என்னிடம் வந்து அழுதவர்கள் உண்டு. ஏனென்றால் பேஜாரு குத்தும்போதே பேசுவான். "தோ வருது பாரு லெப்டு... வந்துட்ச்சி பாரு... நீ இன்னா நைனா, நாஷ்டா துன்னியா இல்லியா?" என்று கேட்டுக்கொண்டே குத்துவான். எதிராளி விரட்டினால் "பீப் பீப்" என்றபடி பின்வாங்குவான். சிரித்து மூச்சு வாங்கியே பாதிப் பேர் தோற்றுப்போவார்கள்.

அவனுக்கு ஜோடியாக நின்ற ஒரே ஆள் கும்புடு.

கும்புடு ஆரம்பாக்கத்துக்காரன். தகப்பன் நெல் வயலில் கூலிக்குப் போனவர்; இவன் ரயிலேறி வந்து ஒரு ஃபேப்ரிகேஷன் கம்பெனியில் வெல்டராக இருந்தான். பேஜாரு வயதுதான் இருக்கும், அதிகம் பேசமாட்டான். தோள் இரண்டும் கோயில் கதவு மாதிரி. கை வேகமோ சொல்லி முடியாது. எல்லாம் இருந்தும் ஒரே ஒரு கோளாறு. முகத்துக்கு நேராகக் கிளவுஸ் வந்தால் போதும், இரண்டு கையையும் முகத்துக்கு முன்னால் தூக்கிக்கொண்டு, தலையைப் பட்டென்று குனிந்து, கண்ணை இறுக்கி மூடிவிடுவான். பார்க்கிறவர்களுக்கு அப்படியே சாமி கும்பிடுகிற மாதிரி இருக்கும்.

"இன்னாடா, ரிங்கா கோயிலா இது?" என்று மாஸ்டர் ஒரு நாள் கேட்டார். அன்றிலிருந்து கும்புடு.

அவன் ஒரு தடவை போட்டி மேடை ஏறினான். ஆரம்பாக்கத்திலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள், தமுக்கு, விசில். மணி அடித்தது. எதிராளி கையை ஓங்கினான். நம் ஆள் கும்பிட்டான். குத்து உச்சந்தலையில் இறங்கியது. தமுக்கு அடித்தவன் குச்சியை ஓங்கின கையோடு அப்படியே நின்றுவிட்டான்.

அதற்கப்புறம் அவனால் நிம்மதியாக ரயிலேற முடியவில்லை. "இன்னா கும்புடு, சாமி வரம் குட்த்துச்சா?" என்று ஒருத்தன் கேட்பான். "கண்ணத் தொறந்துகினு ஏறு நைனா, பொட்டி வருது" என்பான் இன்னொருத்தன். இவன் கதவோரமாகவே நின்று வருவான். என்னிடம் மட்டும் ஒரு நாள் டீ குடிக்கும்போது சொன்னான்: "பெரிம்மா, ஜெயிக்கணும்னு கூட இல்ல. இன்னொரு தபா ஏறணும். கண்ணத் தொறந்துகினு நிக்கணும். அவ்ளோதான்."

பொங்கல் கழித்துப் புதுவாயல் மைதானத்தில் போட்டி என்று சேதி வந்தது. கும்புடு பேர் கொடுக்கப் போனான். மாஸ்டர் கையைக் கட்டிக்கொண்டார்.

"கண்ண மூட்றவன நான் ரிங்குல ஏத்தமாட்டேன். அடி எங்கருந்து வருதுன்னு தெரியாம ஒருத்தன் நின்னா, அப்பால நான் அவன் ஊட்டுக்குப் போய் பதில் சொல்லணும். போட்டிக்கு முந்தின வாரம் நானே கைய வீசிப் பாப்பேன். ஒரு தபா மூடினாலும் பேரு கட்."

"கட்டுன்னா கட்டு மாஸ்டர்" என்றான் கும்புடு. "அத்தோட கிளவுஸையும் கழட்டிட்றேன். இந்தப் பக்கமே வரமாட்டேன்."

கும்புடுவை விடப் பேஜாருவுக்குத்தான் இது இடி. இவன் போய்விட்டால் பேஜாருவோடு நிற்க யார் இருக்கிறார்கள்? சுவர்தான். சுவர் பதில் பேசாது என்பது அவனுக்கே தெரியும். "மாஸ்டர், இவன் கண்ணத் தொறக்கறது என் பொறுப்பு!" என்று மார்பில் தட்டிச் சொல்லிவிட்டு, மறுநாள் காலையிலேயே வைத்தியத்தை ஆரம்பித்தான்.

முதல் வைத்தியம் என் இட்லி. ஒரு தட்டு வாங்கிப் போய் கும்புடுவை நிற்கவைத்து ஒவ்வொன்றாக முகத்தில் வீசினான். நான் கரண்டியோடு ஓடினேன். "கோச்சிக்காத பெரிம்மா, ஒன் இட்லிதான் பட்டாலும் வலிக்காது!" என்றான். அது எனக்குப் பாராட்டு என்பது இரண்டு நாள் கழித்துத்தான் உறைத்தது. ஆனால் பலன் இல்லை. இட்லி வரும்போது கும்புடு கண்ணை மூடினான், வாயைத் திறந்தான்.

அடுத்தது, கம்பெனியில் அட்டைப்பெட்டி ஒட்டுகிற பழுப்பு டேப். இமையைத் தூக்கி நெற்றியோடு ஒட்டிவிட்டான். கிளவுஸ் வந்தது, இமை மூடியது, டேப் புருவத்தையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டது. ஒற்றைப் புருவத்தோடு வீட்டுக்குப் போன கும்புடுவைப் பார்த்து அவன் பெண்சாதி கதவைத் திறக்கவில்லையாம். யாரோ என்று நினைத்துவிட்டாள்.

மூன்றாவது வைத்தியத்தில்தான் என் பெஞ்சு போனது. கடைக்கு வெளியே நீளமான இரும்பு பெஞ்சு ஒன்று இருக்கிறது. கும்புடுவை அதில் உட்காரவைத்துக் கையில் நாஷ்டாத் தட்டைக் கொடுத்து, மேலே கூரைக் கம்பியில் கிளவுஸைக் கயிறு கட்டித் தொங்கவிட்டான். கயிற்றின் மறுமுனையைப் பெஞ்சுக் காலில் கட்டினான். கிளவுஸ் ஊஞ்சல் மாதிரி முகத்துக்கு வந்து வந்து போகும், இவன் அதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட வேண்டும்.

"துன்னுகினே பாரு நைனா! பழகிடும்!" என்று சொல்லிக்கொண்டே கயிற்றை ஓங்கி இழுத்தான். அதே நேரம் பின்னால் ஒரு ஆட்டோ வந்தது. "பீப் பீப்" என்று இவன் பின்வாங்கினான், கயிற்றை விடாமல். பெஞ்சுக் கால் முறிந்தது. பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்த ஒடிசாப் பையன்கள் அத்தனை பேரும் சாம்பாரோடு தரையில் இறங்கினார்கள். அப்போதும் கும்புடு கண்ணை மூடிக்கொண்டுதான் இருந்தான்.

எனக்குக் கோபம் வந்தால் நெடுஞ்சாலையே கேட்கும். "பேமானிங்களா! நாளிக்கி விடியறதுக்குள்ள என் பெஞ்சு நாலு கால்ல நிக்கணும். இல்லன்னா ரெண்டு பேரையும் கால் மாதிரி மடக்கி அதுக்கு அடியில வெச்சிருவேன்" என்றேன்.

மறுநாள் காலையில் கும்புடு வெல்டிங் செட்டும், முகத்தை மறைக்கிற கறுப்பு ஷீல்டும் எடுத்து வந்தான். அந்த ஷீல்டு தலையில் மாட்டிக்கொள்வது. முன்பக்கத்தை நெற்றிக்கு மேலே தூக்கி நிறுத்தலாம், வேண்டும்போது இறக்கலாம். பேஜாரு பெஞ்சின் முறிந்த காலைப் பிடித்துக்கொண்டு குந்தினான். "வெளிச்சத்தப் பாக்காத" என்று கும்புடு அவனுக்குச் சொன்னான். எனக்கும் சொன்னான். நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பேஜாரு ஒன்றைப் பார்க்காதே என்றால் சும்மா இருப்பானா? நெருப்பு பற்றுவதற்கு முன்னால் என்ன நடக்கிறது என்று கும்புடுவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறான். ஷீல்டு மேலே இருக்கிறது. கும்புடு வெல்டிங் ராடைக் கொண்டுபோய்ச் சேர வேண்டிய இடத்தில் வைத்துக் குறி பார்க்கிறான். இரண்டு கையிலும் வேலை இருப்பதால் ஷீல்டை இறக்கக் கை இல்லை. தலையைப் பட்டென்று ஓர் ஆட்டு, கூடவே கண்ணும் மூடுகிறது. ஷீல்டு "டக்" என்று விழுகிறது. கண்ணும் மூடுகிறது. அப்புறம்தான் பளீர்.

"நிறுத்து!" என்று ஒரு கத்தல். என் கையிலிருந்த மாவுக் கரண்டி பறந்துவிட்டது.

"இன்னாடா, கைய சுட்டுகினியா?"

"பெரிம்மா, இங்க பாரு! டேய் கும்புடு, கரண்ட்ட நிறுத்திட்டு மறுபடி பண்ணு!"

"இன்னா பண்ணணும்?"

"இப்ப பண்ணியே, அத்த!"

"நான் ஒண்ணியும் பண்ணலியே."

அவனுக்கு நிஜமாகவே தெரியாது. தினம் எத்தனை ஜாயிண்ட் அடிக்கிறானோ அத்தனை முறை தலையை ஆட்டிக் கண்ணை மூடியிருக்கிறான், வருஷக்கணக்காக. கண்ணுக்கு முன்னால் பளிச்சென்று ஏதோ வரப்போகிறது என்றால் அவன் கழுத்து தானாக அந்த வேலையைச் செய்துவிடுகிறது. வருவது நெருப்பா கிளவுஸா என்று கழுத்து பார்ப்பதில்லை.

பேஜாரு ஷீல்டைப் பிடுங்கித் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு ரோட்டில் ஆடினான். "இவன் பயந்தாங்கொள்ளி இல்ல பெரிம்மா! இவன் வேலக்காரன்! யோவ், கேட்டுக்குங்க, இவன் வேலக்காரன்!" பஸ்ஸுக்கு நின்றவர்கள் எதற்கென்று தெரியாமலேயே கை தட்டினார்கள்.

கும்புடு ஆடவில்லை. பாதி ஒட்டின பெஞ்சில் மெதுவாக உட்கார்ந்தான். "நானே என்னிய பயந்தவன்னுதான் நெனச்சிகினு இருந்தேன் பெரிம்மா" என்றான். நான் டீயில் சர்க்கரை கூடப் போட்டுக் கொடுத்தேன்.

அன்று சாயந்திரமே புது வைத்தியம். பேஜாரு ஷீல்டின் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு வெறும் கண்ணாடி போட்டு, அதை மாட்டி இறக்கிவிட்டே கும்புடுவை ரிங்கில் நிறுத்தினான். ஷீல்டுதான் ஏற்கனவே இறங்கியிருக்கிறதே, இனி எதற்குத் தலையாட்ட வேண்டும்? அப்படியும் பழக்கத்தில் ஆட்டினால், ஷீல்டின் அடி விளிம்பு நெஞ்சில் போய் இடிக்கும். இடிக்க இடிக்கத் தலை நிமிர்ந்தது. கண் திறந்தது. கண்ணாடிக்குப் பின்னால் அந்த இரண்டு கண்ணும் முட்டை மாதிரி விழித்துக்கொண்டு நின்றதை நானே போய்ப் பார்த்தேன். பேஜாரு ஷீல்டிலேயே குத்திக் குத்திக் கை வீங்கி, "பீப் பீப்" என்று ஷெட்டைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

நாள் போகப் போகக் கண்ணாடியைக் கழற்றினான். பிறகு முன்பக்கத்தையே கழற்றினான். கடைசியில் தலையைச் சுற்றுகிற பட்டை மட்டும் மிச்சம். கும்புடு கும்பிடவில்லை! ஷெட்டே எழுந்து கூத்தாடியது.

அந்தச் சந்தோஷம் மறுநாள் மதியம் வரைதான். கும்புடு இரண்டு கண்ணும் மிளகாய்ப்பழமாகச் சிவந்து, தண்ணீர் கொட்ட, ஒருத்தன் கையைப் பிடித்துக்கொண்டு கடைக்கு வந்தான். கம்பெனியில் தலையாட்ட மறந்துவிட்டான். ஷீல்டு மேலேயே இருக்க, நெருப்பை நேராகப் பார்த்துவிட்டான்.

"கண்ணுல மணல அள்ளிக் கொட்ன மாரி இருக்குது பெரிம்மா."

டாக்டரிடம் காட்டி, மருந்து விட்டு, உருளைக்கிழங்கை வில்லையாக நறுக்கிக் கண்மேல் வைத்துப் படுக்கவைத்தேன். அதற்குள் அவன் பெண்சாதி போனில் வந்துவிட்டாள். "எங்க அந்தப் பேஜாரு? போன அவன்கிட்ட குடு... என் ஊட்டுக்காரர் கண்ணத் தொறக்கச் சொன்னா, கண்ணையே எடுத்துட்டியே, நல்லா இருப்பியா நீ? நாளிக்கி வேல போச்சின்னா நீயா வந்து சோறு போடுவ?"

பேஜாரு போனைக் காதில் வைத்தபடி நின்றான். அன்றைக்கு முழுக்க அவன் பேசவில்லை. அடுத்த நாளும் பேசவில்லை. பெஞ்சின் ஓரத்தில் வந்து உட்கார்ந்து, டீயைக் குடித்து, கிளாஸை வைத்துவிட்டுப் போனான். புதுவாயலே என்னவோ மாதிரி ஆகிவிட்டது. "பெரிம்மா, அவனுக்கு உடம்பு கிடம்பு சரியில்லியா?" என்று மாஸ்டரே வந்து கேட்டார்.

கும்புடுவுக்குக் கண் தெளிந்து வேலைக்குத் திரும்பிய அன்றுதான் பேஜாரு வாய் திறந்தான்.

"நைனா, ஒன் கழுத்து மேல தப்பில்ல. அது வேலையில ஆடித்தான் ஆவணும். அத்த நான் கெடுக்கக் கூடாது. ரிங்குல மட்டும் அதுக்கு ஒண்ணு சொல்லணும்."

"இன்னா சொல்லணும்?"

பேஜாரு எழுந்து வந்து கும்புடுவின் நெற்றிப் பட்டையை இறுக்கினான். உச்சந்தலையில் இரண்டு விரலால் "டக்" என்று தட்டினான். "ஷீல்டு இறங்கிட்ச்சி" என்றான். அப்புறம் முகத்துக்கு நேராகக் கையை வீசினான்.

கும்புடு பார்த்துக்கொண்டே நின்றான்.

அதுதான், வேறொன்றும் இல்லை. கம்பெனியில் அவனே தலையாட்டி இறக்குவான். ரிங்கில் பேஜாரு தட்டி இறக்கிவிடுவான். ஒவ்வொரு ரவுண்டுக்கும் முன்னால் ஒரு தட்டு. மாஸ்டர் சோதித்த அன்று வலது, இடது, வலது என்று அவர் கை வலிக்க வீசிப் பார்த்துவிட்டு, "பேரு எழுதிக்கோ" என்று மட்டும் சொன்னார். அவருக்கு அது பெரிய பேச்சு.

போட்டி அன்று கடையை மூடிவிட்டுப் போனேன். கடை வைத்த நாளிலிருந்து நான் அப்படிச் செய்ததில்லை. ஆரம்பாக்கத்து வேன் மறுபடியும் வந்திருந்தது. தமுக்கும் வந்திருந்தது. பாதிப் பேர் வாழ்த்த வந்தவர்கள், பாதிப் பேர் சிரிக்க வந்தவர்கள். எதிராளி ஆர்.கே.பேட்டைப் பக்கத்துக்காரன், நெல் மூட்டை தூக்கின தோள். பேஜாரு மூலையில் ஏறி, தலைக்கவசத்தின் பட்டையை இறுக்கி, "டக்" என்று தட்டி, "ஷீல்டு இறங்கிட்ச்சி" என்றான்.

மணி அடித்தது. மூலையைப் பார்த்தேன், பேஜாருவைக் காணோம். என் முதுகுக்குப் பின்னால் என்னவோ இடித்தது. திரும்பினால் அவன்தான். என் முந்தானையை முகத்தில் அழுத்திக்கொண்டு, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு நிற்கிறான்.

"டேய்! இங்க இன்னாடா பண்ற? பாரு அங்க!"

"என்னால முடியாது பெரிம்மா. என்னிய அடிச்சா கூட பரவால்ல. அவன அடிக்கறத பாக்க முடியாது. இன்னா ஆவுது, சொல்லு!"

ஆயுசு முழுக்கப் பேசினவன் வாயடைத்து நிற்க, நான் பேச வேண்டியதாகிவிட்டது. "வந்துட்டான்டா அவன்... கைய ஓங்கறான்..."

"கண்ணு? கண்ணு இன்னா பண்ணுது?"

"தொறந்திருக்குடா! ஐயோ, முழிச்சிகினு இருக்கான்! நகுந்துட்டான்! இப்ப நம்மாளு குத்தறான்... போடு! போடுடா நைனா!" என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் தள்ளிப்போய் உட்கார்ந்தார்.

ரவுண்டு முடிந்து மணி அடித்ததும் பேஜாரு கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு ஓடுவான், ஏறித் தட்டுவான், "பீப் பீப்" என்று பின்னாலேயே இறங்கி என் முந்தானைக்கு வந்துவிடுவான். கடைசி ரவுண்டில் ஆர்.கே.பேட்டைக்காரன் மூட்டையைத் தூக்கி எறிகிற மாதிரி ஒரு குத்து விட்டான், நேராக மூஞ்சிக்கு. ஆரம்பாக்கமே ஒன்றாகக் கத்தியது: "கும்புடாதே!"

கும்புடு அது வருவதைப் பார்த்தான். கடைசி வரைக்கும் பார்த்தான். தலையை இப்படிக் கொஞ்சம் சாய்த்தான், அவ்வளவுதான். கிளவுஸ் காதை உரசிக்கொண்டு காற்றில் போய்விட்டது. தமுக்கு கிழிந்தது.

நடுவர் தூக்கியது ஆர்.கே.பேட்டைக்காரன் கையைத்தான். எங்களுக்கு அது தெரியவே நேரமானது. கிழிந்த தமுக்கை அவர்கள் நிறுத்தவே இல்லை. கும்புடு உதடு வீங்கி, மூக்கில் ரத்தத்தோடு இறங்கி வந்தான். முகமெல்லாம் சிரிப்பு.

"பெரிம்மா, எல்லாத்தையும் பாத்தேன்! வாங்கினது கூட பாத்துட்டுத்தான் வாங்கினேன்!" என்றவன் பேஜாருவின் தோளைப் பிடித்து உலுக்கினான். "கடசி குத்து வந்துச்சே, தலைய சாய்ச்சேனே, பாத்தியா நீ?"

"பாக்காம? கண்ணு கொட்டாம பாத்துகினு இருந்தேன்" என்றான் பேஜாரு. என்னை ஒரு பார்வை பார்த்தான்.

"ஆமாண்டா, பாத்தான்" என்றேன் நான். என் முந்தானை ஈரமாக இருந்ததை யாரும் கேட்கவில்லை.

இப்போது கும்புடு ரயிலில் உட்கார்ந்து வருகிறான், இடம் கொடுக்கிறார்கள். ஷெட்டில் அவனுக்கு வேறு ஜோடி, பேசாத ஆள். பேஜாரு எல்லை தாண்டி ஆந்திராப் பக்கம் ஏதோ கம்பெனிக்குப் போய்விட்டான். போகிற அன்று, "அங்க தெலுங்குல பேசணும் பெரிம்மா, ஒரே பேஜாரு" என்று சொல்லிவிட்டுத்தான் போனான். பெஞ்சு ஆடாமல் நிற்கிறது.

நெடுஞ்சாலையில் ஏதாவது ஒரு வண்டி பின்னால் வந்து "பீப் பீப்" என்றால், என் கை தானாகக் கிளாஸைக் கழுவி ஒரு டீயை ஊற்றி பெஞ்சின் ஓரத்தில் வைத்துவிடுகிறது. நிமிர்ந்து பார்த்தால் லாரிதான். ஆறும் வரைக்கும் விட்டுவைத்து, அப்புறம் நானே எடுத்துக் குடித்துவிடுகிறேன்.